ராஜலிங்கத்தின் பதினொரு சாவிகள்

கண்டியில் இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ராஜலிங்கத்தின் முகம் மறந்தாலும் மறக்கும், அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து மறக்காது. மொத்தம் பதினொரு சாவிகள். அவற்றில் பிரயோசனமானவை இரண்டே இரண்டு. ஒன்று கட்டுகஸ்தோட்டையில் அவர் குடியிருக்கும் வீட்டுச் சாவி, மற்றது "படங்கு" ரொக் குழுவின் வேன் சாவி. மிச்சம் ஒன்பதும் எந்தப் பூட்டுக்கும் சொந்தமில்லாதவை. பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை, உடைந்த அலுமாரியில் இருந்து கழற்றியவை. "அண்ணே, மாளிகைக் கஜானா ஒங்க பொறுப்பிலயா இருக்கு?" என்று குழுவில் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அவருடைய மனைவி ஜெயராணிக்கு மட்டும்தான் தெரியும்.

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் ராஜலிங்கம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து உருட்டும் மெஷின்களுக்கு நடுவில் முப்பது வருடம் நின்ற மனிதர், கடைசியில் வீட்டில் எல்லோரும் கத்திப் பேசினால்தான் பதில் சொல்வார். ராஜலிங்கத்துக்கு ஸ்டோருக்குள் போக விருப்பமில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கண்டிக்கு வந்து, ஸெய்னுலாப்தீன் என்பவரின் ஒலிபெருக்கி வாடகைக் கடையில் சேர்ந்துகொண்டார். கோயில் திருவிழா, கலியாணம், தேர்தல் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டுகிற வேலை. அப்பாவின் மெஷின் சத்தத்துக்குத் தப்பி ஓடியவர் நேராக ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றார். அப்போது யாரும் அப்படி யோசிக்கவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த நிகழ்ச்சிக்குப் புறப்படும் முன்பும் முதலாளி சாவிக்கொத்தை எடுத்து வேலையாளின் இரண்டு காதுக்கும் பக்கத்தில் குலுக்குவார்.

"கிணுகிணுண்டு கேக்குதா? கேட்டா வேலைக்குப் போ. கேக்கலண்டா இண்டைக்கு ஊட்டுல படு. காது அடச்சவன் கையில சவுண்டு மிக்ஸரக் குடுத்தா ஊரையே அடச்சிப் போடுவான்."

மூக்கடைத்துத் தடிமன் பிடித்தவனும், முதல் நாள் முழுக்க ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றவனும் அன்று வீட்டில்தான். அதற்குப் பேச்சே இல்லை. ராஜலிங்கம் கடையை விட்டு விலகிப் பல வருடங்களான பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. நிகழ்ச்சிக்கு முன் மேடைக்குப் பின்னால் போய்த் தனக்குத் தானே குலுக்கிப் பார்த்துக்கொள்வார். அப்போது கொத்தில் இருந்தவை இரண்டு சாவிகள்தான்.

"படங்கு" அவரைத் தேடி வந்த கதை சின்னது. பதினாறு வருடங்களுக்கு முன் பேராதனைப் பக்கத்து மண்டபமொன்றில் பாட, நாலு மாணவர்கள் அவர் வேலை செய்த கடையில் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கின் பெயரைக் குழுவுக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்காகவே ராஜலிங்கம் அன்று கூடுதல் கவனத்தோடு வேலை செய்தார். பாடகன் சயந்தன், அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. கிற்றார் வாசிக்கும் அமான் அக்குறணைக்காரன். ட்ரம்ஸ் அடிப்பவள் டிலானி. நாலாமவன் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். நிகழ்ச்சி முடிந்ததும் சயந்தன் வந்து, "அண்ணை, இனி எங்கட சத்தம் உங்கட பொறுப்பு" என்றான். ராஜலிங்கம் அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

முதல் பாட்டு கைபேசிகளில் பரவியது. பிறகு கொழும்பு, அதன் பிறகு டுபாய், டொராண்டோ. தமிழும் சிங்களமும் கலந்து பாடியதால் இரண்டு பக்கத்து வானொலிகளும் போட்டன. ஆனால் குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பாட்டு மட்டுமல்ல, அதன் சத்தம். கண்ணாடியில் வெயில் பட்டாற்போல் ஒரு கூர்மை. சிம்பல் தட்டுகளும் கிற்றாரின் மேல் கம்பிகளும் பளீரென்று முன்னால் வந்து நிற்கும். வானொலி அறிவிப்பாளர்கள் அதற்குப் "படங்குச் சத்தம்" என்றே பெயர் வைத்தார்கள். கொழும்பிலிருந்து புதுக் குழுக்காரர்கள் வந்து ராஜலிங்கத்தின் மிக்ஸரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ரகசியம் என்னவென்று கேட்டால், "எல்லாம் காதுதான் தம்பி" என்பார். பொய் சொல்லவில்லை மனிதர்.

வருடம் போகப் போக அந்தக் கூர்மை ஏறிக்கொண்டே வந்தது. சாவிகளும் ஏறின. இரண்டு சாவி மங்கலாகக் கேட்ட நாளில், தேய்ந்துவிட்டது என்று நினைத்து மூன்றாவதைச் சேர்த்தார். பிறகு ஐந்து, ஏழு, பதினொன்று. ஸெய்னுலாப்தீன் முதலாளியின் சட்டப்படி அவர் எப்போதோ வீட்டில் படுத்திருக்க வேண்டியவர்.

இன்னொன்றையும் அவர் கண்ணால் பார்த்தார், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. நுவரெலியா, பண்டாரவளை, கண்டி என்று எங்கே பாடினாலும் முதல் பாட்டிலேயே முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பையோ சால்வையையோ எடுத்துக் காதை மூடிக்கொள்வார்கள். மலைநாட்டில் வளர்ந்தவருக்கு அதில் என்ன அதிசயம்? "பாவம், குளிர்" என்பார். மன்னாரில் எல்லோருக்கும் வியர்வை ஊற்றிய ஒரு மாலையிலும் பெண்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு, "கடக்காத்து ஒத்துக்கல போல" என்றார்.

வீட்டில் மட்டும் அவருடைய கதை எடுபடவில்லை. ஜெயராணி பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். தையல் மெஷின்களின் இரைச்சலில் காது என்ன ஆகும் என்று பக்கத்து மேசைகளில் பார்த்தவள். குக்கர் நாலு விசில் அடித்தும் மனிதர் அடுப்புப் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் போல் உட்கார்ந்திருந்த அன்றே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

இந்த நிலையில்தான் குழு புதிய தர்மமொன்றைக் கையில் எடுத்தது. தர்மம் அவர்களுக்குப் புதிதல்ல. வெள்ளம் வந்தால் உலர் உணவு, ஜனவரி பிறந்தால் கொப்பி, புத்தகம் என்று வருடா வருடம் செய்தார்கள். போன வருடம் அமானுக்குக் காதுக்குள் விடாமல் ஒரு ரீங்காரம் கேட்கத் தொடங்கி, அவன் கண்டியில் செவிப்புலன் பரிசோதகர் சத்தியபாமாவிடம் போனான். அவர் அமானுக்குக் காதடைப்பான் கொடுத்துவிட்டு, "நீங்களாவது வந்தீங்கள். ஸ்டோர்களில வேலை செய்யிற சனம் வாறதே இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அமான் அதை வேனில் வந்து சொன்னான். சயந்தன் உடனே முடிவெடுத்துவிட்டான். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பகலில் காதுப் பரிசோதனை, பின்னேரம் இலவசப் பாட்டு. எல்லோரும் கை தட்டினார்கள். ராஜலிங்கமும் தட்டினார்.

முதலில் குழுவினர் எல்லோரும் தங்கள் காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அன்றைக்கு ராஜலிங்கம் வேனைச் சர்வீசுக்குக் கொண்டு போனார். அடுத்த நாள் குறித்தார்கள். அன்றைக்கு ஜெயராணிக்குக் காய்ச்சல் என்றார். ஜெயராணி அன்று பல்லேகலவில் நன்றாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் முகாம் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டமொன்றில் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு முதல் நாள் ஜெயராணி நேராகவே கேட்டாள்.

"நாளைக்கு அந்த அம்மாகிட்ட ஒக்காந்து பாத்துக்கிட்டா என்னங்க?"

"ஒக்காந்தா என் வேலை போயிரும் ஜெயா."

"போகட்டும். காது போனது போனதுதானே?"

"காது போன சவுண்டுக்காரன யாரு வச்சுக்குவா? எனக்கு வேற என்ன தெரியும்? இந்த வயசுல போயி எங்க நிக்கச் சொல்ற?"

 கேட்டவர் ஐம்பத்திரண்டு வயது மனிதர். ஜெயராணி தேநீரை ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை தோட்டத்து மைதானம் நிறைந்துவிட்டது. எல்லோரும் "படங்கு"வைப் பார்க்க வந்தவர்கள். பரிசோதனைக்குப் பிள்ளைக்காம்பராவைக் கொடுத்திருந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறை, லீவு நாளில் தோட்டத்திலேயே அமைதியான இடம். சத்தியபாமா மெஷினைப் பொருத்தி, இரண்டு கதிரைகளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு மணித்தியாலம் போனது. ஒருவரும் படியேறவில்லை.

அரைவட்டமாக நின்ற ஸ்டோர்க்காரர்களிடம் சயந்தன் காரணம் கேட்டான். சந்திரகுமார் என்ற, கொழுந்து உருட்டும் அறைத் தொழிலாளி முன்னால் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. காது கேக்கலன்னு எழுத்துல வந்துருச்சுன்னா, மெஷின்ல நிக்க லாயக்கில்லன்னு எங்கள மலைக்குப் புல்லு வெட்ட அனுப்பிருவாங்க. இருவது வருசமா ஸ்டோர்ல நின்னவன் மலையில போயி என்ன செய்வான்?"

"பேப்பரை ஒருத்தருக்கும் காட்ட மாட்டம். உங்கட கையிலதான் தருவம்" என்றான் சயந்தன்.

"நீங்க நல்லவங்கதான். மொதல்ல ஒங்க ஆளு யாராச்சும் ஒக்காரட்டும், பாப்போம்."

சயந்தன் சுற்றும் முற்றும் பார்த்தான். அவனும் அமானும் டிலானியும் ஏற்கனவே பரிசோதித்துக்கொண்டவர்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் கண்ணில் பட்டார்.

"லிங்கண்ணை! நீங்கள்தான் இன்னும் பாக்கேல்லை. முதல்ல இருங்கோவன்."

"இல்ல தம்பி, நான் ஸ்பீக்கர் கட்டணும். நேரமாச்சு."

"நான் கட்டுறேன் அண்ணே, நீங்க போங்க" என்று அமான் வந்து அவர் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டான். ஓடுவதற்கு வேன் சர்வீசும் இல்லை, மனைவிக்குக் காய்ச்சலும் இல்லை. ராஜலிங்கம் சந்திரகுமாரைப் பார்த்தார். அந்த மனிதரின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, நல்ல காது பேச்சுக்கு முன்னால் நீட்டியிருந்தது. அப்பா அப்படித்தான் நிற்பார். தான்கூடச் சில நாளாக அப்படித்தான் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

படியேறும்போது முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த சந்திரகுமாரின் அம்மா பாலம்மா அவரை நிறுத்தினார்.

"நீங்கதானே தம்பி பாட்டுக்கு மெஷின் பாக்குறது? போன வருசம் கண்டியில ஒங்க பாட்டு கேட்டேன். பாட்டு அம்புட்டு நல்லா இருந்துச்சு. காதுலதான் ஊசி வச்சுக் குத்துன மாதிரி இருந்துச்சு. சால்வையப் போட்டு மூடிக்கிட்டுல்ல கேட்டேன்."

"அது... குளிருக்கு மூடுனீங்களோன்னு நெனைச்சேன்மா."

"குளுருக்கா? இந்த மலையிலயே பொறந்து வளந்தவளுக்கு எங்குட்டுக் குளுரு? சத்தத்துக்குத்தான் மூடுனேன்."

பதினாறு வருடத்து முன்வரிசைகள் அவர் கண்முன்னால் வந்தன. மன்னார் உட்பட.

சத்தியபாமா அவரைக் கதிரையில் இருத்தி, காதுகளில் ஹெட்போனை மாட்டினார். "சத்தம் கேட்டவுடன இந்தப் பொத்தானை அமத்துங்கோ அண்ணை. மெல்லிசாய்க் கேட்டாலும் அமத்துங்கோ." முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. சுகமாக அமர்த்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. வெறும் அமைதி.

எதிரில் ஜன்னல் கண்ணாடி இருந்தது. அதில் சத்தியபாமாவின் கை தெரிந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருடைய விரல் மெஷினில் ஒரு முறை அசைந்தது. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் விரலைப் பார்த்தே தொழில் செய்தவருக்கு இது ஒரு பெரிய வேலையா? விரல் அசையும்போது அமர்த்தினால் போதும். காகிதத்தில் நல்ல காது வந்துவிடும், மிக்ஸர் கையை விட்டுப் போகாது. ஒரு தடவை அமர்த்தியும்விட்டார். அடுத்த தடவைக்குக் கட்டைவிரல் தயாராக நின்றது.

பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அதன் பின் பொத்தான் அசையவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்கே தெரியாது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஹெட்போனைக் கழற்றியபோது சத்தியபாமா காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். கோடு நேராக வந்து, கூரான மேல் சத்தங்கள் தொடங்கும் இடத்தில் கிணறு போல் இறங்கியிருந்தது.

"இந்த இடத்தில ஒரு சத்தம் மட்டும் அமத்தியிருக்கிறியள். மற்றதொண்டும் இல்லை."

"அதையும் அழிச்சிருங்க அம்மா. அது கேட்டு அமத்துனதில்ல."

சத்தியபாமா அதை அழித்துவிட்டார். "கனகாலத்துப் பாதிப்பு அண்ணை. ஸ்டோரில நிண்ட ஆக்களுக்கும் இப்பிடித்தான் இருக்கும். போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

ராஜலிங்கம் காகிதத்தோடு வெளியே வந்து, மேடையில் பொருத்தியிருந்த மைக்கை எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் மைக்கில் பேசியதெல்லாம் "ஹலோ, ஹலோ, செக்" மட்டும்தான்.

"நான் ராஜலிங்கம். எங்க அப்பாவும் ஸ்டோர்லதான் நின்னாரு. இந்தா, என் பேப்பர். எனக்குப் பாதிச் சத்தம் கேக்காது. ரொம்ப வருசமா கேக்கல. வேலை போயிரும்னு மறைச்சு வச்சிருந்தேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நீங்க பயப்படுறது எனக்கு நல்லா வெளங்குது. ஆனா மறைச்சு வச்சதுல என் காது இன்னும்தான் கெட்டுச்சு. வந்து ஒக்காருங்க."

 சந்திரகுமார் வந்து அந்தக் காகிதத்தை வாங்கி, மேலும் கீழும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குள் போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பிறகு மூவர். மத்தியானத்துக்குள் வரிசை தண்ணீர்த் தாங்கி வரை நீண்டது.

மேடைக்குப் பின்னால் வேறு பேச்சு நடந்தது.

"அப்ப எங்கட சத்தம் எண்டு ஊரெல்லாம் புகழ்ந்தது?" சயந்தனின் முகம் சிவந்திருந்தது.

"எனக்குக் கேக்காததக் கேக்க வைக்கத்தான் தம்பி ஏத்திக்கிட்டே போனேன்."

"பதினாறு வருசம் அண்ணை! ஒரு வார்த்தை சொல்லேல்லை. சனத்தின்ர காது, இவன்ர காது..." அவன் அமானைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ராஜலிங்கத்தைக் குத்தியது அதுதான். அமானின் ரீங்காரத்தை அவர் அதுவரை தன்னோடு சேர்த்து யோசித்ததே இல்லை. வேலை போகும் என்ற பயமெல்லாம் அந்த நிமிடத்தில் சின்னதாகிப் போனது. "மன்னிச்சிரு அமான்" என்றார். 

அமான் காலடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குக் கோவம் இல்லண்டு சொல்ல மாட்டேன் லிங்கண்ணே. இருக்கு. ஆனா இன்னும் ஏத்துங்க, இன்னும் ஏத்துங்கண்டு கேட்டவன் நானும்தான். அந்தச் சத்தத்துலதானே நாம பெரிய ஆளானோம்." பிறகு சாவிக்கொத்தைப் பார்த்தான். "காது கேக்குதாண்டு பாக்கத்தானா இத்தனை சாவி?"

"ஆமா."

முதலில் டிலானி சிரித்துவிட்டாள். பிறகு அமானும். சயந்தன் சிரிக்கவில்லை. அவனுக்கு மனம் ஆற இரண்டு மாதம் எடுத்தது.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து மிக்ஸரை சர்மிளாவிடம் கொடுப்பதென்று ராஜலிங்கமே சொன்னார். கொழும்பில் அவர்களுக்காகச் சில ஒலிப்பதிவுகள் செய்தவள், நல்ல காதுக்காரி. தான் பெட்டி கட்டுவதாகவும், இனிப் போகும் ஒவ்வொரு தோட்டத்திலும் முதல் ஆளாகக் கதிரையில் உட்காருவதாகவும் சொன்னார். ஆனால் அன்றைக்கு வேறு ஆள் இல்லை. மூன்று மணிக்குப் பாட்டுத் தொடங்க வேண்டும்.

சத்தியபாமா அவருடைய காகிதத்தில் அந்தக் கிணற்றின் இரு பக்கமும் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தார். அதற்குள் வரும் சத்தங்களில் அவர் தன் காதை நம்பக்கூடாது. ராஜலிங்கம் அதை மிக்ஸரின் மேல் ஒட்டிக்கொண்டார். அன்று சாவியைக் குலுக்கிப் பார்க்கவில்லை.

முதல் பாட்டு தொடங்கியது. வழக்கமான இடத்தில் இருந்த பொத்தான்களைக் கோடு சொன்னபடி இறக்கினார். முதலில் கிற்றாரின் கூர்மை மங்கியது. இன்னும் இறக்கினார். டிலானி சிம்பலை ஓங்கி அடித்தாள். குச்சி இறங்குவதும் தட்டு ஆடுவதும் தெரிந்தது, சத்தம் அவருக்கு வரவில்லை. கம்பளிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கேட்பது போல் இருந்தது. அவர் வளர்த்துப் பெயர் வாங்கிய சத்தம் அவர் கையாலேயே இல்லாமல் போனது. விரல் தானாக மேலே ஏறப் பார்த்தது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

காதை விட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். பாலம்மா தொடங்கும் முன்பே சால்வையால் இரண்டு காதையும் மூடிக்கொண்டு தயாராக இருந்தார். பக்கத்துப் பெண்களும் அப்படித்தான். முதல் சரணம் போனது. பாலம்மா சால்வைக்குள் ஒரு விரலை விட்டுக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். பல்லவி திரும்பி வந்தபோது சால்வையை முழுக்க இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சயந்தனோடு சேர்ந்து வாயசைக்கத் தொடங்கினார். ஒவ்வொருவராக மற்றப் பெண்களும் இறக்கினார்கள்.

மைதானத்தில் அப்போது பனி இறங்கி, நல்ல குளிராக இருந்தது.